லூர்துமேரியின் சிவப்பு நூல்

லூர்துமேரி சாக்குக் கட்டான பேல் தைக்கும்போது பக்கத்தில் நிற்காமல் சேலைக்கடை பொன்ராஜால் இருக்க முடியாது. இரண்டு வருஷமாக நிற்கிறார். கடையில் ஆள் காத்திருந்தாலும் சரி, வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, பாண்டி பஜாருக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்த லாரி பார்சல் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, அவள் கையையே முறைத்துக்கொண்டிருப்பார். எழுபத்தைந்து சங்கராந்திக்கு ஆந்திராவில் பெஜவாடா போய்ச் சேர வேண்டிய அவருடைய சேலைப் பேல், நெல்லூரில் நாலு நாள் அநாதையாகக் கிடந்தது. கிடந்ததற்குக் காரணம் இந்தக் கைதான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"இன்னா நைனா, எம்மாம் நாளு காவல் காப்பே? நான் இன்னா உன் சேலைய சுருட்டிக்கினு ஓடிறப் போறேனா?"

"ஓடுனாக்கூடப் பரவால்ல. எவளாவது கட்டுனாளேன்னு மனசு ஆறும். சும்மால்லா கெடந்துச்சு, நாலு நாளு!"

இது பேலுக்குப் பேல் நடக்கிற பேச்சு. ஒரு வார்த்தை மாறாது.

லூர்துமேரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சாந்தோம் பக்கத்துக் குப்பம். புருஷன் கட்டுமரத்தில் போகிறவன். அவன் கொண்டுவருகிற மீனைக் கூடையில் வைத்து விற்காமல், தினமும் பஸ் ஏறி தியாகராய நகருக்கு வந்து சாக்கு தைக்கிறாள். ஏன் என்று கேட்டால், "மீனு விக்க வாயி வோணும். எனக்குக் கைதான் கீது" என்பாள். அதை அரை மணி நேரம் விளக்கியும் சொல்வாள். அவளுக்கு வாய் இல்லை என்பதை நம்பினவன் அந்தத் தெருவில் ஒருவனும் கிடையாது.

காதில் ஒரு பக்கம்தான் கம்மல். மற்றது எங்கே என்றால் "கடல்ல கீது" என்பாள். ஆபீஸ் வாசல் நிழலில் ஒரு உடைந்த மரப்பெட்டிதான் அவள் நாற்காலி. ஒரு சாண் நீளக் கோணி ஊசி. சணலைக் கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பாள், பேல் முனகும். மத்தியானம் கஞ்சித் தூக்கைத் திறந்து கருவாட்டைக் கடித்தால், உள்ளேயிருந்து புக்கிங் கிளார்க் ஜன்னலைச் சாத்துவார். "சாத்திக்கோ சார், சாத்திக்கோ. நாளைக்கி வறுத்து எடுத்தாறேன், கதவையே சாத்தணும்."

தைக்குமுன் எந்தச் சரக்கையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருப்பாள். அரிசி ஒரு மாதிரி பதில் சொல்லுமாம், பித்தளை ஒரு மாதிரி. பீங்கான் தட்டுமுன்னே அழுமாம். "உன் துணிதான் நைனா சுத்த ஊமை" என்று பொன்ராஜிடம் குறை சொல்வாள்.

இந்தத் தட்டுகிற பழக்கம் எழுபத்துநாலு கோடையில் வந்தது. அன்றைக்கு கல்கத்தாவுக்குப் போகிற பெரிய மூங்கில் கூடை ஒன்று வந்தது. மேலே வைக்கோல். ரசீதில் கருணைக்கிழங்கு. கூடையின் மேல் சாக்கைப் போர்த்தி அவள் தைத்துக்கொண்டு போனாள். மூன்றாம் பக்கம் தைக்கையில் ஊசி வெளியே வந்தது, முனையில் ரத்தம். தன் விரலைப் பார்த்தாள். விரலில் ஒன்றும் இல்லை.

மூலையைப் பிரித்து உள்ளே பார்த்தாள். கறுப்பு முதுகில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட தரை ஆமைகள். ஒன்றின்மேல் ஒன்றாக, கால் நீட்ட முடியாதபடி துணிக் கிழிசலால் சுற்றி, கிழங்கு அடுக்குகிற மாதிரியே அடுக்கியிருந்தது. ஊசி ஒன்றின் தொடையில் ஏறியிருந்தது.

ஊசியை அப்படியே எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். "கெழங்குக்கு ரத்தம் வருமா சார்?"

கிளார்க் ரசீதைப் பார்த்தார், ஊசியைப் பார்க்கவில்லை. "கிழங்குன்னு ரசீது போட்டாச்சு. ரசீது போட்டாச்சுன்னா கிழங்குதான். அனுப்புறவன் மூடிக் கொடுத்ததைப் பிரிச்சேன்னு தெரிஞ்சா நாளையிலேருந்து வேற வாசல் பாத்துக்க."

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, விசாரித்து விசாரித்து காட்டிலாகா ஆபீஸ் ஒன்றுக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். சட்டம் புதுசாக வந்திருக்கிறது, இது குற்றம்தான் என்றார். அனுப்பினவன் விலாசம் கேட்டார். அது பொய் விலாசம். லாரி எப்போது கிளம்பும் என்று கேட்டார். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்றாள். அவர் பேனாவை மூடி வைத்தார். மனு மேலே போய்த் திரும்பி வர மூன்று நாள் ஆகும், அதற்குள் லாரி ஆந்திராவையே தாண்டியிருக்கும், அங்கே நம் கை நீளாது என்றார்.

"லாரி கை மட்டும் நீளுதே சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

இந்த இடத்தில் மற்றவர்கள் என்றால் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு விட்டிருப்பார்கள். இத்தனைக்கும் லூர்துமேரி ஜீவகாருண்யம் பேசுகிற ஜாதி இல்லை. "கடல் ஆமை வலையில மாட்னா எங்க ஆளுங்க துன்னுவாங்க. நானும் துன்னுகீறேன். பொய் சொன்னா மாதாவுக்கு அடுக்காது. ஆனா பசிக்குத் துன்றது வேற நைனா. உசுரோட கட்டி, கெழங்குன்னு பேரு வெச்சி, மூச்சு முட்ட முட்ட ஆயிரம் மைலு அனுப்பறது வேற. அதுக்கு நான் ஊசி புடிக்கணுமா?"

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சட்டம். பார்சல் ஆபீஸ் சட்டம். கிளம்புகிற ஊரில் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. ஆனால் வழியில் ஒரு ஊரில் இறக்கி வேறு லாரிக்கு மாற்றும்போது மூட்டை கிழிந்திருந்தால், அந்த ஊர்க் கொட்டகைக்காரர்கள் பிரித்துப் பார்த்து, சரக்கு சரியா என்று எண்ணி, மறுபடி தைத்துத்தான் அனுப்ப வேண்டும். கல்கத்தா போகிற சரக்கெல்லாம் நெல்லூரில் மாறும். நெல்லூர்க் கொட்டகையிலும் இவளைப் போல ஒருத்தி சாக்கு தைத்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும்.

இருந்தாள். பெயர் கோட்டம்மா. சேதி கொண்டுபோனவர் டிரைவர் ஷரீஃப். தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே மூச்சில் பேசுகிற மனுஷர். முதலில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நம்மளை விட்டுடு அம்மா. லைசென்ஸ் போயிடும்."

"நீ இன்னா தொடப் போறியா, தூக்கப் போறியா? வாயால சொல்லிட்டு வா பாய். செவப்பு நூலு எந்த மூலையில கீதோ அந்த மூட்டை கிழிஞ்சிகீது, அம்புட்டுதான்."

கிழியாத மூட்டை கிழிந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று கோட்டம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கொழுந்தன் அங்கே காட்டிலாகாவில் வாட்ச்சர். லூர்துமேரி சந்தேகக் கூடையின் அடி மூலையில் ஒரு விரல் நீளம் சிவப்பு நூல் ஓட்டி, வலை பின்னுகிறவர்கள் போடுகிற முடிச்சைப் போடுவாள். அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். தற்செயலாக எவனும் போட்டுவிட முடியாத முடிச்சு. நெல்லூரில் கோட்டம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அரிவாளால் சாக்கை ஒரு இழுப்பு இழுத்து, "ஐயோ, சிரிகிப்போயிந்தி!" என்று, கிழிந்துபோச்சு என்பதைத் தெலுங்கில் கத்தி ஊரைக் கூட்டுவாள். பிரிக்காமல் என்ன செய்வார்கள்? பிரித்தால் கிழங்கு நடக்கும். வாட்ச்சர் வந்து நிற்பான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. எட்டு மாதத்தில் ஏழு கூடை நிறுத்தினார்கள்.

எட்டாவதாகப் பிடிபட்டவை பொன்ராஜின் சங்கராந்திச் சேலைகள்.

திரும்பி வந்த பேலை ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார் அவர். ஒரு கையில் அறுந்த சிவப்பு நூல். மறு கையில் பெஜவாடா கடைக்காரர் எழுதிய கார்டு. 'அடுத்த வருஷப் பண்டிகைக்கு இப்போதே சேலை அனுப்பிய உங்கள் சுறுசுறுப்பை மெச்சுகிறோம்' என்று எழுதியிருந்தது.

"இந்தாம்மா, இது உன் நூலுதான?"

லூர்துமேரிக்கு முகம் செத்துவிட்டது. "இந்தச் சாக்கு உனுக்கு எங்க கெடச்சிது நைனா?"

"கேள்வி நான்லா கேக்கேன்!"

"சொல்லு நைனா. எங்க வாங்கினே?"

"கொத்தவால்சாவடில, பழைய சாக்குக்காரன்ட்ட. ஊரே அங்கதான வாங்குது?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நெல்லூரில் பிரித்துப் போட்ட சாக்கை எவனோ பொறுக்கி விற்று, அது லாரியேறி மெட்ராஸுக்கே திரும்பி வந்து, பொன்ராஜ் கடையில் சேலைமேல் ஏறியிருந்தது. அடி மூலையில் பழைய சிவப்பு நூல் அப்படியே இருந்திருக்கிறது. வேலை முடிந்ததும் நூலை அறுத்து உருவிவிட வேண்டும் என்று இரண்டு பெண்களுக்கும் தோன்றவில்லை. சாக்கு எத்தனை ஜென்மம் எடுக்கும் என்று தினமும் சாக்கிலேயே புரளுகிறவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மறந்தார்கள். அதோடு அந்த வாட்ச்சர் கொழுந்தன் வேறு ஏதோ திருவிழா பந்தோபஸ்துக்குப் போய்விட்டான். அவன் வந்து பார்க்கட்டும் என்று கோட்டம்மா நாலு நாள் பேலைக் கட்டிக் காத்திருக்கிறாள்.

இதையெல்லாம் கேட்டதும் பொன்ராஜுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. "அப்போ நீயும் அந்த நெல்லூர்க்காரியும் சேந்து என் பொழப்புல மண்ணப் போட்டிருக்கிய. இரு, உள்ள போயி மேனேசர்ட்ட சொல்லுதேன். நீ இந்த வாசல்ல இருந்து இனி ஊசி புடிச்சிருவியான்னு பாக்கேன்."

"சொல்லு நைனா. சொல்றதுக்கு மின்னாடி இந்தக் கூடையில ஒரு கைய வெய்யி."

காலையில் வந்த கூடை. இன்னும் மூடித் தைக்காதது. பொன்ராஜ் வீறாப்பாக வைக்கோலை விலக்கிக் கையை விட்டார். கல் மாதிரி இருந்தது. கல் மூச்சு விட்டது. விரலில் அந்தக் காற்றுப் பட்டதும், "ஏ யம்மா!" என்று கையை உதறினார்.

"ஊருக்கே சேலை குடுக்கற கையி, ஆமைக்கு நடுங்குது பாரு" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "உங்க தெக்குச் சீமைச் செம்மண் காட்லேருந்துதான் வருதாம். ரெண்டு பேரும் ஒரே ஊருக்காரங்க. நீ துணி விக்க வந்தே. இது இன்னாத்துக்கு வந்துச்சி?"

பொன்ராஜ் பேல்மேல் உட்கார்ந்தார். எழுந்தார். உள்ளே போனார். மேனேஜர் அறையில் அவர் குரல் பலமாகக் கேட்டது. லூர்துமேரி ஊசியைச் சுற்றி வைத்து, கஞ்சித் தூக்கையும் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் வெளியே வந்தார்.

"சாக்கு மோசம்னு சொன்னேன். உண்மதான?" என்று சொல்லிவிட்டு, ரிக்‌ஷாக்காரனை ஒரு அதட்டு அதட்டிவிட்டுப் போனார்.

மறுவாரம் அவரே கேட்டார். "நெல்லூர் சரி. பெங்களூர் வழியா பம்பாய் போறத என்ன செய்யுத?"

"பெங்களூர்ல எனக்கு யாரு கீறாங்க நைனா?"

"எனக்கு இருக்கான். தங்கச்சி மாப்பிள்ள."

தெற்கத்திக் கடைக்காரர்களுக்கு எந்த ஊரில்தான் ஆள் இல்லை? பெங்களூரில் தங்கச்சி மாப்பிள்ளை. பாலக்காட்டில் சித்தப்பா மகன். இருவரும் தினமும் பார்சல் கொட்டகை வாசலில் சரக்குக்குக் காத்து நிற்கிறவர்கள்தான். சேலை மடிப்புக்குள் சிவப்பு நூலும் ஒரு முடிச்சும் வைத்து பொன்ராஜ் இருவருக்கும் அனுப்பினார். கூடவே நாலு வரி. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவார், அதனால் வீண் வார்த்தை இருக்காது. 'இந்த முடிச்சுப் போட்ட மூட்டை வந்தால் கிழிந்திருக்கிறது என்று சத்தம் போடு. நூலை உருவி எனக்கு அனுப்பு. உருவாமல் விட்டால் உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன்.'

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. பிடிபட்ட கூடையின் நூல் மெட்ராஸுக்குத் திரும்பி வரும். நெல்லூர் நூல் ஷரீஃப் லாரியின் கண்ணாடியில் ஊதுவத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வரும். வந்தால் ஆமை தப்பித்தது. வராவிட்டால் போயிற்று. லூர்துமேரிக்கும் பொன்ராஜுக்கும் நடுவில் 'சௌக்கியமா' போய், "நூலு வந்துச்சா?" வந்துவிட்டது.

போன வருஷம் நாலு மாநிலத்துக் காட்டிலாகா அதிகாரிகளும் அடையாறில் ஒரு பங்களாவில் கூடினார்கள். பிடிபட்ட கூடைகளெல்லாம் மெட்ராஸில் ஒரே தெருவிலிருந்து வந்திருப்பதை அவரவர் தனித்தனியாகக் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, ஆச்சரியப்பட்டிருந்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் கொடுத்த அதிகாரியே காலிக் கூடை ஒன்றோடு வாடிக்கையாளர் மாதிரி வந்து லூர்துமேரியை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். பேரை எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லி, பொன்ராஜையும் இழுத்துக்கொண்டு போனாள். எழுதினால் வாசல் போய்விடும். வாசல் போனால் நூலும் போய்விடும்.

சுவரில் பெரிய வரைபடம். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வர்ணம். அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இந்தக் கோடெல்லாம் இன்னா சார்?"

"எல்லை அம்மா. அவங்கவங்க எல்லை."

"திருட்டுப் பய லாரியேத்தி ஒரே நாள்ல இத்தனையும் தாண்டிக்கினு போறான். ஒரு கோட்லயும் அவன் நின்னு மனு எழுதல. உங்களுக்கு மட்டும் ஏன் சார் ஒவ்வொரு கோட்லயும் மூணு நாளு?"

யாரோ சிரித்தார்கள். நெல்லூர்ப் பக்கத்து அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்றை முடிவு செய்தார்கள். ஒரு மாநிலத்து ஆள் போனிலோ தந்தியிலோ சொன்னால் போதும், அடுத்த மாநிலத்து ஆள் மூட்டையை நிறுத்தி வைக்கலாம். காகிதம் பிறகு வரட்டும். பிடித்த பிராணியை அதன் காட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மாதம் கழித்து நெல்லூரிலிருந்து ஷரீஃப் லாரியில் ஒரு கூடை திரும்பி வந்தது. தெற்கே போக அதற்கு ரசீது போட்டபோது, கிளார்க் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, 'ஆமை' என்று எழுதினார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். கிழங்குக்காரன் முட்டாள் இல்லை. கூலிங்கிளாஸ் போட்ட ஆள் ஒருவன் இரண்டு நாள் எதிரில் நின்று லூர்துமேரியைப் பார்த்தான். மூன்றாம் நாள் கிட்டே வந்து, "ஊசி பாத்து. கண்ணுல பட்டுறப் போவுது" என்றான்.

"என் கண்ணு ஊசியப் பாக்காது அண்ணாத்தே. சரக்கத்தான் பாக்கும்" என்று சொல்லிவிட்டாள். உடனே, நூல் கோத்திருந்த ஊசியிலேயே அவள் மறுபடி நூல் கோக்கப் போனதை பொன்ராஜ் பார்த்தார்.

அதன்பின் கிழங்கு இந்தத் தெருவுக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஷரீஃப் சேதி கொண்டுவந்தார். கூடைகள் வடபழனி பார்சல் ஆபீஸிலிருந்து ஏறுகின்றன. ரசீதில் இப்போது சேப்பங்கிழங்கு. சிவப்பு நூல் இல்லை. கோட்டம்மா எந்தச் சாக்கைக் கிழிப்பாள்? போன் இருக்கிறது, தந்தி இருக்கிறது, நாலு மாநிலத்து அதிகாரிகளும் தயார். எந்தக் கூடை என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

வடபழனியில் தைக்கிறவள் தேவானை. போன சனிக்கிழமை அவளைப் பார்க்க லூர்துமேரி பஸ் ஏறிப் போனாள். டிப்போவுக்கு எதிர் டீக்கடையில் அந்தக் கூலிங்கிளாஸ் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டாள்.

இந்தத் திங்கட்கிழமை பொன்ராஜ் வழக்கம்போல் பேலோடு வந்து நின்றார். அவள் ஊசியைத் தொடவில்லை.

"இத நான் தெக்க மாட்டேன் நைனா. வடபழனிக்கு எடுத்துக்கினு போ."

"கிறுக்குப் புடிச்சிருக்கா? பக்கத்துல ஆபீஸ வச்சிக்கிட்டு அம்மாந்தூரம் என்னத்துக்குப் போகணும்?"

"தேவானை நல்ல பொம்பள. கெழங்கு ஏன் பாய் நகருதுன்னு ஷரீஃப் பாய்கிட்ட அவளே கேட்டாளாம். அவளுக்கு முடிச்சு தெரியல, அம்புட்டுதான். நான் போனா அவன் கண்டுக்குவான். நீ சேலை மொதலாளி. பேலு தெக்கச் சொல்லிட்டு, மூலை பிரியுது, நானே போடறேன்னு சொல்லிப் போட்டுக் காட்டு. அவ பாத்துக்குவா."

"நானா? நான் ஊசி புடிக்கவா? பத்துப் பேரு பாக்க?"

"ஆமா."

"எனக்கு அந்த முடிச்செல்லாம் வராது பாத்துக்க."

"உக்காரு."

பொன்ராஜ் தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஜன்னலில் கிளார்க் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, சாக்குத் தூசியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் ஊசியைக் கொடுத்தாள். கற்றுக்கொடுத்தாள். இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டு, மூன்றாம் முறை ஒரு முடிச்சைப் போட்டு நிமிர்ந்தார்.

லூர்துமேரி ஒற்றை விரலால் இழுத்தாள். முடிச்சு வழுக்கிக்கொண்டு கழன்றது.

"இன்னொரு தபா போடு நைனா" என்றாள்.

பொன்ராஜ் நூல் முனையை வாயில் வைத்து ஈரப்படுத்தினார்.